மழை ஒரு தடவை பார்க்கட்டும், அப்புறம் மாடுலர்

கேள்வி: மாட்டுங்கா கிழக்கில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். 1950-களில் கட்டியது. மாமனார் காலத்திலிருந்து சமையலறையில் யாரும் கை வைக்கவில்லை. மேடையை ஒட்டி, பாத்திரம் கழுவும் மோரி இருக்கிறது. அதன் பின்சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு உப்பி, வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. மழைக்காலத்தில் ஜன்னலைச் சுற்றி ஈரம். இது போதாதென்று, படுக்கையறையை ஒட்டிய சுவரில் மர அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. அதில் வைக்கும் அப்பளம் நமுத்துப்போகிறது, ரவையில் வண்டு. காண்டிராக்டர் வந்து பார்த்தார். தரையிலிருந்து சீலிங் வரை டைல்ஸ், மற்ற இடத்தில் ஈரம் தடுக்கும் 'டேம்ப் ப்ரூஃப்' பெயின்ட், மேலே இருக்கும் வென்டிலேட்டரை அடைத்து அதுவரைக்கும் மாடுலர் அலமாரி, வெளியே குழாய் விடாத சிம்னி என்று திட்டம் சொல்கிறார். மே மாதம் மூன்றே வாரத்தில் முடித்துவிடுவாராம். மாமியார் மட்டும் "வென்டிலேட்டரை அடைக்காதே, சுண்ணாம்பு அடித்தால் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, மாட்டுங்கா

பதில்: வென்டிலேட்டர் விஷயத்தில் மாமியார் சொல்வதை அப்படியே கேளுங்கள். சுண்ணாம்பு விஷயத்தில் பாதி கேளுங்கள். காண்டிராக்டரிடம், "வேலையை மேயில் ஆரம்பிக்கலாம், ஆனால் மேயில் முடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் ஈரம் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றுக்கும் தண்ணீர் வருகிற வழி வேறு வேறு. அவரோ மூன்றுக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்: மூடிவிடு. டைல்ஸ், பெயின்ட், பிளைவுட் எல்லாமே மூடுகிற சாமான்தான். தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது முகப்பை மட்டும் மூடினால், அது சுவருக்குள்ளேயே பக்கவாட்டிலும் மேலேயும் நகர்ந்து, மூடாத இடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும். இப்போது மூன்றடியில் நிற்கும் ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் ஐந்தடி ஏறும். டைல்ஸைத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். மூட்டுகளில் உப்பு பூக்கும்.

முதலில் மோரி. ஈரம் தரையிலிருந்து ஆரம்பித்து மேலே போகப் போகக் குறைகிறது என்றால் மேல் வீட்டைச் சந்தேகப்பட வேண்டாம். அங்கிருந்து ஒழுகினால் சீலிங்கிலும் சுவரின் மேல் பாதியிலும்தான் கறை முதலில் தெரியும். உங்கள் மோரியேதான் காரணம் என்று நினைக்கிறேன். பழைய மும்பை வீடுகளில் வழக்கமாகப் பழுதாகும் இடம், மோரித் தரையில் தண்ணீர் இறங்கும் வாயான நஹானி ட்ராப்பும் அது குழாயோடு சேர்கிற மூட்டும். அந்தக் காலத்து வார்ப்பிரும்பு ட்ராப், சுற்றிலும் சிமென்ட் பூச்சு. எழுபது வருஷத்தில் இரும்பு துருப்பிடித்து, பூச்சு விட்டுப் போய், நடுவில் மயிரிழை அளவு இடைவெளி வந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர் அதன் வழியே கீழே உள்ள கோபாவில், அதாவது ஸ்லாப்பின் மேல் போட்ட செங்கல்ஜல்லி நிரப்பில், இறங்கும். கோபா அதை ஊறவைத்துக்கொண்டு மெல்லச் சுவருக்குக் கொடுக்கும். நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் சுவர் காயாது. அதனால்தான் பலர் இதை மழை ஈரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சந்தேகம் தீர, சேலைச் சாயமோ ஹோலிப் பொடி மிச்சமோ கரைத்த தண்ணீரை மோரியில் விட்டு, கீழ் வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள். நிறம் வர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். ஏற்கெனவே அங்கே கறை இருக்கலாம், மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்களோ என்னவோ. மும்பையில் அந்த மரியாதை ரொம்ப நாள் தாங்காது. நீங்களே முந்திக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. மகாராஷ்டிரத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவு சொசைட்டிகளின் மாதிரித் துணைவிதிகள்படி, வெளிச்சுவர், மொட்டைமாடி, பொதுக் குழாய் இவற்றிலிருந்து வரும் கசிவைச் சரிசெய்வது சொசைட்டியின் செலவு. வீட்டுக்குள் இருக்கும் சிங்க், கழிப்பறை போன்றவற்றின் கசிவு அந்தந்த வீட்டுக்காரர் செலவு. எனவே மோரி உங்கள் பை, ஜன்னல் பக்கத்து வெளிச்சுவர் சொசைட்டியின் பை. ஜன்னலுக்காக இன்றைக்கே செக்ரெட்டரிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

மோரியை மேலோட்டமாக டைல்ஸ் மாற்றிப் பூசினால் போதாது. கோபாவை ஸ்லாப் வரை உடைத்து எடுக்க வேண்டும். ட்ராப்பை மாற்ற வேண்டும். ஸ்லாப்பில் குழாய் இறங்கும் ஓட்டையைக் காய்ந்தால் சுருங்காத சிமென்ட் கலவையால் (கிரவுட்) அடைக்க வேண்டும். அதற்கு மேல் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கோட், சுவரிலும் ஒரு அடி ஏற்றி. இதன் பிறகு காண்டிராக்டர்கள் தாண்டிப் போக ஆசைப்படுகிற ஒரு கட்டம் வரும்: தண்ணீர் கட்டிப் பார்ப்பது. ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விட வேண்டும். கோட்டை நீங்களே போடுங்கள், நீங்களே பாருங்கள். காற்றில் போவது ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு மேல் இறங்கினால் டைல்ஸ் போட விடாதீர்கள். "இருபது வருஷமா செய்யறோம், ஒண்ணும் ஆகாது" என்று மேஸ்திரி சொன்னால் சிரித்துக்கொண்டே கோட்டைக் காட்டுங்கள்.

சுவரில் உப்பு ஏறிய பூச்சை ஈரம் தெரிகிற எல்லையைத் தாண்டி இன்னும் ஓர் அடி வரை செங்கல் தெரியச் செதுக்கி எடுக்க வேண்டும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் பழைய பூச்சின் மேல் என்ன அடித்தாலும் உதிரும். செதுக்கிய பிறகு காய விடுங்கள். சுவர் கனத்தில் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் உள்ள பழைய கணக்கு. உங்களுடையது ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் மாதக்கணக்கில் ஆகும், அதிலும் நடுவில் மழை. மூன்று வாரத்தில் எப்படி முடியும்?

அதனால் நான் சொல்கிற வரிசை இது. மே மாதம் மோரியை உடைத்துச் சரிசெய்யுங்கள், வெளிச்சுவரைச் சொசைட்டி பார்க்கட்டும், உப்புப் பூச்சைச் செதுக்குங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். அதோடு நிறுத்துங்கள். மும்பையில் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11, விலகுவது அக்டோபர் 8 வாக்கில். மும்பையின் சான்டாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஜூலை ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னையில் வருஷம் முழுவதும் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. இந்த மழையைவிடக் கறாரான இன்ஸ்பெக்டர் கிடைக்க மாட்டார். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் தாங்கிய பிறகு, நவம்பரில் பூச்சும் டைல்ஸும் அலமாரியும். ஐந்தாறு மாதம் செங்கல் தெரிய, அழுக்காகத்தான் இருக்கும். வருகிறவர்கள் கேட்பார்கள். வேலை நடக்கிறது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

ஜன்னல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்மேற்கிலிருந்து காற்றோடு அடிக்கிற சாரல், விரிசல் வழியே உள்ளே வருகிறது. ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜா சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, ஜன்னல் அடிக்கல்லுக்கு வெளிப்பக்கமாக வாட்டம் இருக்கிறதா, சஜ்ஜாவின் அடியில் தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் சொட்டிவிட ஒரு பள்ளக் கோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாய்க்குப் பின்னால் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் அடுத்த வருஷம் இரட்டிப்பாக வரும். எல்லா வேலையும் வெளியே இருந்துதான். உள்பக்கம் டேம்ப் ப்ரூஃப் அடிப்பது வீண் செலவு. சீலிங்கில் கான்கிரீட் உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் அது வேறு கதை. உடனே சொசைட்டியிடம் சொல்லி, கட்டடத்தின் உறுதியைச் சோதித்த கடைசி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இனி அந்தக் கறுப்புப் பூசணம். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பச் சுவாரசியமாக இருந்தது இதுதான். அந்தச் சுவர் உள்சுவர், அதில் குழாய் இருப்பதாக எழுதவில்லை, மழையும் படாது. பின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்தப் பக்கம் படுக்கையறை என்கிறீர்கள். ஏசி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இரவெல்லாம் ஏசி ஓடி நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் குளிர்ந்து கிடக்கிறது. காலையில் இந்தப் பக்கம் இட்லிப் பானை, குக்கர், பால். அந்த ஆவி குளிர்ந்த சுவரில் படியும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பதைப் போல. அலமாரி சுவரோடு ஒட்டி நிற்பதால் அங்கே காற்றே அசையாது, படிந்த ஈரம் காயாது. பூசணத்துக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், சுவரோரக் காற்று எப்போதும் நசநசவென்று இருந்தாலே போதும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான வழி: அலமாரியை நகர்த்தி, சுவரைத் துடைத்துக் காயவிட்டு, சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை ஓர் அடிச் சதுரத்துக்கு நான்கு ஓரமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து, காலையில் சமையல் நடக்கும்போது பாருங்கள். தாளின் முன்பக்கம் ஈரமென்றால் அறைக் காற்றிலிருந்து வருவது. பிரித்துப் பார்த்துப் பின்பக்கம் ஈரமென்றால் சுவருக்குள்ளிருந்து வருவது, அப்போது பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

முன்பக்கம்தான் என்றால் மருந்து காற்று. சமையலறையில் எவ்வளவு தண்ணீர் காற்றில் கலக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கேஸ் எரிவதிலிருந்தே வருவது தெரிவதில்லை. பைப் கேஸ் ஒரு கன மீட்டர் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர், ஆவியாக. உங்கள் பில்லில் 20 யூனிட் (கன மீட்டர்) என்று இருந்தால், அந்தக் காலத்தில் 30 லிட்டருக்கு மேல் தண்ணீரை அடுப்பு மட்டுமே அறைக்குள் விட்டிருக்கிறது. சிலிண்டராக இருந்தாலும் அதேதான். 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 22 லிட்டர் வாக்கில். இதில் குழாய் இல்லாத சிம்னி என்ன செய்யும்? எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், கரி ஃபில்டர் தாளிப்பு வாசனையைக் குறைக்கும். ஆவியை அப்படியே உங்கள் முகத்துக்கே திருப்பி விடும்.

அதனால்தான் வென்டிலேட்டர். கட்டினவர்கள் சும்மா வைக்கவில்லை. சூடான ஆவி மேலே போகும், அது வெளியேற மேலேதான் வழி வேண்டும். இன்னொரு காரணம் அதைவிட முக்கியம்: பைப் கேஸ் காற்றைவிட லேசானது, கசிந்தால் சீலிங் பக்கம்தான் சேரும். மேலே வழியை அடைத்துவிட்டு அங்கே மூடிய அலமாரி கட்டுவது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. (சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தங்கும். சிலிண்டர் வைக்கிற அலமாரிக் கதவில் கீழே ஓட்டை வேண்டும் என்பது அதனால்.) கேஸ் குழாயை நகர்த்துவதாக இருந்தால் கம்பெனி ஆளை வைத்து மட்டுமே செய்யுங்கள், காண்டிராக்டரின் பிளம்பரை வைத்து வேண்டவே வேண்டாம்.

அந்த வென்டிலேட்டரிலேயே ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். பத்துக்கு எட்டு அடிச் சமையலறைக்கு அது தாராளம். வெளியே தானாக மூடிக்கொள்ளும் தகடும், புறாவுக்கு வலையும் அவசியம். மாட்டுங்காப் புறாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் ஓடும்போது அதன் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து அதே ஃபேனில் வெளியேறிவிடும், அடுப்புப் பக்கம் எட்டியே பார்க்காது. எதிர்ப்பக்கத்துக் கதவைத் திறந்து வையுங்கள், காற்று அறை முழுக்கக் கடந்து போகட்டும். சமையல் முடிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். ஜூலையில் வெளியே இருப்பதும் ஈரக் காற்றுதானே என்று கேட்பீர்கள். ஈரம்தான், ஆனால் நான்கு விசில் வைத்த சமையலறைக் காற்றில் அதைவிட அதிகம் ஈரம் இருக்கும். சிம்னியும் வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆறு அங்குலக் குழாயோடு, ஒரே ஒரு வளைவில், நேராக வெளியே. பரண் மேல் பத்தடி சுற்றிப் போகிற குழாய் பேருக்குத்தான். சுவரில் துளை போட சொசைட்டி அனுமதி வேண்டும், பீமில் கை வைக்கவே கூடாது.

இருக்கிற பூசணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், வீடெல்லாம் பரவும். மாஸ்க் போட்டுக்கொண்டு முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பாத்ரூமுக்கு வாங்கி வைத்த ஆசிட்டை அதோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். ஊறிப்போன அலமாரிப் பின்பலகையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுண்ணாம்புக்கு வருகிறேன். மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஈரம் உள்ளே அடைபடாமல் ஆவியாகிப் போகும், பூசணத்துக்கும் அது ஆகாது. ஆனால் கசிகிற மோரியைச் சுண்ணாம்பு நிறுத்தாது, ஆயில் பெயின்ட் அடித்த சுவரில் ஒட்டவும் ஒட்டாது. நவம்பரில் சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு கலந்து பூசச் சொல்லுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சம் இரண்டும் இந்தச் சமையலறைக்குள் வர வேண்டாம். டைல்ஸ் அடுப்புக்கும் சிங்குக்கும் பின்னால் மேடைக்கு மேல் இரண்டடி போதும், சிம்னி வந்தால் அதுவரை. அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்தால் மாமியாருக்கும் சந்தோஷம்.

மாடுலரில் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் வேண்டாம், தண்ணீர் பட்டால் பொரி மாதிரி உப்பும். தண்ணீர் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட், வெட்டின ஓரமெல்லாம் சீல் செய்து. சிங்குக்குக் கீழே அதுவும் வேண்டாம், இப்போது இருக்கும் கடப்பாக்கல் தட்டுகளையே விட்டுவிடுங்கள். எழுபது வருஷம் மோரி ஓரத்தில் நின்று ஒன்றும் ஆகாத சாமானைப் பெயர்த்துவிட்டுப் பிளைவுட் வைக்கச் சொல்கிறவரை எனக்குப் புரிவதில்லை. கீழ் அலமாரிகள் நாலு அங்குலக் கால்களில் நிற்கட்டும். படுக்கையறைச் சுவரில் அலமாரி வைத்தே ஆக வேண்டுமென்றால், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மேலும் கீழும் திறப்போடு. ஏசியை 26-ல் வையுங்கள். அப்பளமும் ரவையும் வேறு சுவருக்குப் போகட்டும்.

உங்கள் கட்டடத்தில் ரீடெவலப்மென்ட், அதாவது இடித்துப் புதிதாகக் கட்டுகிற பேச்சு எந்த நிலையில் இருக்கிறது? பில்டரை முடிவு செய்து கையெழுத்துப் போடுகிற அளவுக்கு வந்திருந்தால் மாடுலரை மறந்துவிட்டு மோரி, ஃபேன், சுண்ணாம்பு இந்த மூன்றோடு நிறுத்துங்கள். வெறும் பேச்சுதான் என்றால் அதை நம்பி ஒழுகுகிற மோரியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். மாட்டுங்காவில் அந்தப் பேச்சு எத்தனை வருஷம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், சக்தி வாய்ந்த சிம்னியோ எக்ஸாஸ்ட்டோ ஓடும்போது வீட்டுக்குள் காற்று வர வழி போதாமல் போனால், கீசரின் புகையை அது உள்ளே இழுக்கும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கீசர் கேஸில் ஓடுவதானால், ஃபேன் மாட்டுவதற்கு முன்னால் அதை எலெக்ட்ரிக்குக்கு மாற்றிவிடுங்கள். வயரிங் பழையது என்றால் அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டியிருக்கும், எலெக்ட்ரீஷியனிடம் மே மாதமே சொல்லி வையுங்கள்.